அசோகனுக்கு இரண்டு படத்திறப்பு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பகலவன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கம்ப்யூட்டர் வீடு எது என்று கேட்டால் உடனே மூன்றாவது மாடியைக் கை காட்டுவார்கள். அந்த பிளாக்கிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவன். மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், பாதுகாப்புப் பிரிவில் வேலை. கடிதம் அடிப்பான், வருகைப் பதிவு ஏற்றுவான், புதிதாகச் சேரும் ஆட்களுக்கு நடக்கும் வகுப்புக்கு ஸ்லைடு செய்துகொடுப்பான். இதில் கடைசியாகச் சொன்ன வேலையில்தான் அவனுக்கு உயிர்.

அவன் செய்யும் ஸ்லைடில் எதுவும் சும்மா இருக்காது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து குதிக்கும், தலைப்பு சுற்றிச் சுற்றி வரும், மூலையில் ஒரு உலக உருண்டை உருண்டுகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் சரக்கு, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஒரு சி.டி. பத்தாயிரம் படங்கள் என்று அதன் மேல் போட்டிருந்தது. தொண்ணூறுகளில் எந்த ஊரிலோ யாரோ வரைந்து தள்ளிய பொம்மைகள். ஊரெல்லாம் பார்த்துச் சலித்துப்போனவை. "இதெல்லாம் இப்ப யாரும் போடறதில்லப்பா" என்று பர்சனல் மேனேஜர் அருள்பிரகாசம் இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்தில் சொல்லிப் பார்த்தார். பகலவன் காதில் வாங்கவில்லை. அந்த சி.டி. அவனுக்கு ஒரு நகைப்பெட்டி.

அந்தப் பெட்டியில் ஒரு விஷயம் அவனுக்குத் தெரியாமல் இருந்தது. அதில் சில படங்கள் அவனுடைய கணினியில் அசைந்தன, மற்றவை அசையவில்லை. அசையாதவை சாதாரணப் படங்கள் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஆபீசில் அவனுக்கென்று தள்ளிவிட்டிருந்த அந்தக் கிழட்டுக் கணினிக்கு அவற்றை அசைக்கத் தெரியாது என்பதுதான் உண்மை. புதிய கணினிக்கு அது நன்றாகவே தெரியும்.

இந்த வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது அசோகன். அதே பிளாக்கில் கீழ் வீடு. அதே தொழிற்சாலையில் சாரம் கட்டும் காண்ட்ராக்ட் ஆள். எங்கள் பிளாக்கில் டிகிரி முடித்து கம்ப்யூட்டரும் படித்த பையன் ஒருத்தன் இருக்கிறான் என்று அருள்பிரகாசம் போகும்போதும் வரும்போதும் வழிமறித்துச் சொல்லி, அவர் தொல்லை தாங்காமல் பகலவனைக் கூப்பிடும்படி செய்தவன். அந்த அசோகன் மார்ச் மாதம் ஒரு காலை வேளையில் சாரம் சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மனைவி கார்குழலி, அம்மா சொக்கம்மாள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத பெண் குழந்தை மதி, இவர்கள் மூவரும் மிச்சம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் இருக்கும்போது நிரந்தரத் தொழிலாளி யாராவது இறந்துபோனால் கேன்டீன் ஹாலில் படத்திறப்பு நடக்கும். ஜெனரல் மேனேஜர் வந்து துணியை விலக்கிப் படத்தைத் திறந்துவைப்பார். அன்றிலிருந்து அந்தப் படம் ஹால் சுவரில் இருக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அதுவரை அப்படி நடந்ததே இல்லை. பகலவன் அருள்பிரகாசத்திடம் போய் நின்று, அசோகனுக்கும் வேண்டும் என்று கேட்டான். பயந்துகொண்டுதான் போனான், ஆனாலும் கேட்டான். அவனுடைய கணக்கில் ஒரு நல்ல காரியம் எழுத வேண்டுமென்றால் அதை எழுதலாம்.

அருள்பிரகாசம் யோசித்தார். சாவுக்குப் பிறகு பிளாக்கு ஆட்கள் கேட் முன்னால் வந்து உட்காரப் போவதாக ஒரு பேச்சு இருந்தது.

"செய்யலாம். ஆனா ஃபிரேம் போட்டு மாட்டினா, நாளைக்கு ஒவ்வொரு காண்ட்ராக்ட் ஆளுக்கும் மாட்டச் சொல்லுவாங்க. நீதான் ஸ்லைடு நல்லா செய்வியே. புது புரொஜெக்டர் வந்திருக்கு. ஸ்கிரீன்ல திறந்துடலாம்."

ஸ்கிரீனில் திறந்தால் சுவரில் ஒன்றும் மிஞ்சாது. நிகழ்ச்சி முடிந்து விளக்கை அணைத்தால் அசோகனும் அணைந்துபோவான். இது யாருக்கும் புரியக்கூடிய சங்கதி. பகலவனுக்கு அது புரியவில்லை, ஏனென்றால் ஸ்லைடு என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் மனசு சி.டி.க்குள் போய்விட்டது.

படத்திறப்பு என்றால் திரை வேண்டும் அல்லவா? சி.டி.யில் தேடினான். தங்கக் குஞ்சம் வைத்த சிவப்புத் திரைச்சீலை ஒன்று கிடைத்தது, நாடக மேடையில் தொங்குவது மாதிரி. பக்கம் முழுவதும் அதை விரித்தான். விசையைத் தட்டினால் அந்தப் பக்கம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விலகி, உள்ளே அசோகனின் முகம் தெரியும்படி செய்தான். கம்பெனி கேட்பதாகச் சொல்லி கார்குழலியிடம் வாங்கிய கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தான். தன் கணினியில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தான். அவ்வளவு அழகாக விலகியது.

அதோடு விட்டிருந்தால் நாம் அவனைக் கொஞ்சம் மன்னித்துவிடலாம். அசோகன் முகம் வந்து சிறிது நேரத்தில், யாரும் தட்டாமலே, தானாக இன்னொரு பக்கம் வரும்படி வைத்தான். 'ஆக்கம்: பகலவன், பி.காம்.' எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து குதிக்கும். இதைப் பற்றி பிளாக்கில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சாவு வீட்டுக்காரர்களுக்கு ஆச்சரியம் கொடுக்கத் திட்டம் போட்டவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அன்று காலை அருள்பிரகாசம் ஜெனரல் மேனேஜரின் புது லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஸ்லைடைத் திறந்தால், திரைச்சீலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். பகலவன் பதறவில்லை. சி.டி.யைப் போட்டு அதே படத்தை மறுபடியும் எடுத்து ஒட்டினான். சிவப்புத் திரை சமர்த்தாக நின்றது. பக்கங்களை மேலிருந்து கீழே பார்த்தான், எல்லாம் வரிசையில் இருந்தன. ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பிளாக்கு ஆட்களை ஏற்றிவந்த வேன் கேட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வரவேற்கப் போய்விட்டான். கார்குழலியையும் சொக்கம்மாளையும் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அவன் ஏற்கெனவே அருள்பிரகாசத்திடம் சண்டை பிடித்து வாங்கியிருந்தான். முதல் வரிசையில் இருந்தால்தான் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து நன்றாகத் தெரியும்.

ஹால் நிறைந்துவிட்டது. பிளாக்கு சங்கத் தலைவர் பரசுராமன் வெள்ளைச் சட்டையில் நீலத் துண்டோடு வந்து உட்கார்ந்தார். கார்குழலி வெறும் ஸ்கிரீனைப் பார்த்தபடி இருந்தாள். குழந்தை மதி அவள் மடியில். பகலவன் வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டான். அங்கே நின்றால் படம் திறக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கலாம்.

ஜெனரல் மேனேஜர் நாலு வார்த்தை பேசினார். அசோகன் பெயரை ஒரு முறை சரியாகவும் ஒரு முறை அருணன் என்றும் சொன்னார். பிறகு லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினார். சிவப்புத் திரை ஸ்கிரீன் நிறைய வந்து நின்றது. "படத்தைத் திறக்கும் முன்பு எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார் அருள்பிரகாசம். எல்லோரும் எழுந்தார்கள், தலை குனிந்தார்கள். பகலவனும் குனிந்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் மதி சிரித்தாள். முதலில் மெல்ல, அப்புறம் வாய்விட்டு. "அம்மா, அங்க பாரேன்" என்றாள்.

தலைகள் நிமிர்ந்தன. பகலவன் கடைசியாக நிமிர்ந்தான். திரை தானாகவே விலகியிருந்தது. உள்ளே சிவப்பு மூக்கும் கூம்புத் தொப்பியுமாக ஒரு கோமாளி நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான், நாக்கை நீட்டினான், பின்பக்கத்தை ஆட்டினான். திரை மூடிக்கொண்டது. மறுபடியும் விலகியது. மறுபடியும் கோமாளி.

பின் வரிசையில் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். ஜெனரல் மேனேஜர் லேப்டாப்பைத் தொடப் பயந்து கையை எடுத்துவிட்டார். கார்குழலி குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மூடினாள். சொக்கம்மாளுக்குக் கண் மங்கல். "இன்னாடி, படம் தொறந்துட்டாங்களா? எம்புள்ள நல்லா கீறானா?" என்று கேட்டாள்.

"பகலவன், அடுத்ததுக்குப் போப்பா" என்றார் அருள்பிரகாசம் பல்லைக் கடித்துக்கொண்டு.

பகலவன் மேஜைக்கு ஓடினான். விரல் விசைக்கு நேரே வந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், கோமாளி போய்விடுவான், அசோகன் வந்துவிடுவான். வந்து, சிரித்த முகமாக எல்லோரையும் பார்ப்பான். அதற்குப் பிறகு, யாரும் தட்டாமலே, எழுத்துகள் குதிக்கும். ஆக்கம்: பகலவன், பி.காம். இந்தக் கோமாளியைக் கொண்டுவந்தது எவன் என்று இத்தனை பேர் முன்னால் எழுத்து எழுத்தாக வரும். அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கை அதைச் செய்யவில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் போய் புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

ஸ்கிரீன் இருண்டது. ஹாலில் கூச்சல் எழுந்தது. பரசுராமன் ஜெனரல் மேனேஜரின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "காண்ட்ராக்ட் ஆளு செத்தா உங்களுக்குக் கோமாளி ஆட்டமா? அந்தப் பச்சப்புள்ள முன்னாடி இன்னா காட்றீங்க? நாங்க இன்னா உங்களாண்ட சர்க்கஸ் பாக்கவா வந்தோம்?" அருள்பிரகாசம் "சிஸ்டம் ஃபால்ட், சார், சிஸ்டம் ஃபால்ட்" என்று கும்பிட்டார். அவரும் யார் செய்தது என்று வாயைத் திறக்கவில்லை. சொன்னால் செய்யச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். பகலவன் கையில் ஒயரோடு நின்றான். நான்தான் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சுருட்டத் தொடங்கினான். பிளாக்கு ஆட்கள் அவனைத் தாண்டிப் போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் ஒருவனாவது ஓடிவந்து அந்த அசிங்கத்தை நிறுத்தினானே என்ற நன்றி அது. அவனுக்கு அது புரிந்தபோது அவர்கள் வேனில் ஏறிவிட்டிருந்தார்கள்.

அசோகன் முகத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் பகலவன் வேலைக்கு விடியும்போதே கிளம்பினான். கீழ் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். அப்படியும் சொக்கம்மாள் ஒரு நாள் பிடித்துவிட்டாள். வாசலில் நாலு பெண்களோடு உட்கார்ந்திருந்தவள், "இதோ, இந்தப் புள்ளதான்" என்று அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "பெரிய பெரிய ஆபீசருங்கோ பொம்ம மாரி நின்னுகினு இருந்தாங்கோ. இவன் ஒருத்தன்தான் பாஞ்சி வந்து கரெண்டைப் புடுங்கினான். எம்புள்ள மானத்தைக் காப்பாத்துனான்." கையை விடவே இல்லை. பகலவன் சிரிக்க முயன்றான். அப்படிச் சிரித்ததற்காக ராத்திரி சோறு இறங்கவில்லை.

கம்பெனிக்காரன் அவமானப்படுத்திய படத்திறப்பை நாமே நடத்துவோம் என்று பரசுராமன் முடிவு செய்தார். சங்கத்திலிருந்து பெரிய சட்டம் போட்ட படம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாக்குக்கு முன்னால் பந்தல். புத்தர் படத்துக்கும் அண்ணல் படத்துக்கும் நடுவில் அசோகன் படத்தை நீலத் துணி போட்டு மூடி வைத்தார்கள். மெழுகுவத்தி, பூமாலை எல்லாம் தயார். திறந்துவைப்பது யார் என்ற பேச்சு வந்தபோது சொக்கம்மாள் ஒரே பெயரைத்தான் சொன்னாள். பரசுராமனும் அதையே மைக்கில் அறிவித்துவிட்டார்.

பகலவனுக்கு அது மாடியில் இருக்கும்போதே கேட்டது. விடுவிடென்று இறங்கி, பந்தல் பக்கம் போகாமல் கீழ் வீட்டுக்குள் போனான். கார்குழலி சமையலறையில் பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தக் கோமாளிப் படம் நான் செஞ்சது. கம்பெனி இல்ல. அது ஆடும்னு எனக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டர்ல சும்மாதான் நின்னுகினு இருந்துச்சு."

கார்குழலி திரும்பிப் பார்த்தாள்.

"வேணும்னேவா செஞ்ச?" என்றாள். "தெரியாம ஆய்ப்போச்சி. அதான் நீயே ஓடியாந்து நிறுத்திட்டியே. வுடு."

இந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். பாதி உண்மைக்கு முழு மன்னிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே மைக்கில் அவன் பெயரை மறுபடியும் சொன்னார்கள், அதைக் கேட்டதும் அவனால் நிற்க முடியவில்லை.

"அதுக்கு அடுத்தது அண்ணன் படம் அண்ணி. ஒரு தட்டு தட்டியிருந்தா அண்ணன் வந்திருப்பாரு. அண்ணனுக்கு அப்பால என் பேரு வரும். நான்தான் செஞ்சேன்னு போட்டு வச்சிருந்தேன். பேரு வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு பயம். அதுக்குத்தான் ஒயரைப் புடுங்கினேன். அண்ணனுக்காகப் புடுங்கல."

அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. கார்குழலி அதைக் குறைக்கவில்லை.

"எந்தப் படம் வச்சிருந்த?"

"நீங்க குடுத்தீங்களே, கல்யாணப் படம். மொகம் மட்டும் பெருசா."

"சிரிச்சிகினு கீறது?"

"ஆமா."

"அத்தப் பாக்கத்தான் நான் அவ்ளோ தூரம் வந்து குந்திகினு இருந்தேன்" என்றாள் கார்குழலி. "கம்பெனி சொவுத்துல அவரு மொகம் பெருசா வரும், இவ்ளோ வருசம் சாரம் கட்ன எடத்துல எல்லாரும் எய்ந்து நின்னு பாப்பாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். நீ ஒரு தட்டு தட்டல."

பகலவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டான்.

"நான் போயி எல்லாராண்டயும் சொல்லிட்றேன் அண்ணி. படத்தை நான் தொறக்க மாட்டேன். பரசுராமன் மாமாவே தொறக்கட்டும்."

"சொல்லிட்டு? உனக்கு மனசு லேசாப் பூடும். என் மாமியாருக்கு?" கார்குழலி குரலை உயர்த்தவில்லை. "அன்னிலேர்ந்து அது ஒரு வாய் சோறு துன்னுதுன்னா, எம்புள்ளைக்காக ஒருத்தன் பாஞ்சி வந்தான்னு சொல்லிக்கினுதான் துன்னுது. அதையும் புடுங்கப் போறியா?"

கார்குழலி திரும்பி அடுப்பைக் குறைத்தாள்.

"போ. போய்த் தொற."

பந்தலில் வழி விட்டார்கள். பகலவன் நீலத் துணியின் முனையைப் பிடித்து இழுத்தான். துணி விழுந்தது. அசோகன் அங்கே இருந்தான், சிரிக்காமல், ரேஷன் கார்டுக்கு எடுத்த முறைப்பான முகத்தோடு. சங்கத்துக்காரர்களுக்கு அந்தப் படம்தான் கிடைத்திருந்தது. "வீரவணக்கம், வீரவணக்கம்" என்று பரசுராமன் குரல் கொடுக்க, கூட்டம் பின்னால் சொன்னது. சொக்கம்மாள் படத்துக்குப் பக்கத்தில் போய் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கண்ணாடியைத் தடவினாள்.

திறந்துவைத்தவருக்கு இறந்தவர் வீட்டிலிருந்து சால்வை போர்த்துவது அங்கே வழக்கம். சொக்கம்மாள் அதற்கென்று தங்கசாலைத் துணிக்கடைக்கு ஆள் அனுப்பி, சரிகைக் கரை போட்ட தடித்த பச்சைச் சால்வை வாங்கி வைத்திருந்தாள். தன் கைக்கு எட்டாது என்று மருமகளிடம் கொடுத்தாள். "நீயே போத்துடி. நம்ம வூட்டு மரியாத."

கார்குழலி சால்வையைப் பிரித்தாள். பகலவன் தலையைக் குனிந்து நின்றான். அவன் தோளில் அதைப் போட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் இழுத்து, ஒழுங்காகச் சரிசெய்தாள். கூட்டம் கை தட்டியது. அந்தச் சத்தத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கழட்டாத. கடைசி ஆளு எய்ந்து போற வரைக்கும் போத்திகினு குந்து."

படத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் பகலவன் உட்கார்ந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பந்தலுக்குள் காற்றே இல்லை. வருகிறவர்கள் அசோகனுக்குப் பூ போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போனார்கள். கழுத்திலிருந்து வேர்வை வழிந்து சட்டை நனைந்துவிட்டது. டீ கொண்டுவந்த பரசுராமன், "ஏம்பா இப்படி வேர்க்குது, சால்வைய எடுத்து மடில வச்சிக்கயேன்" என்றார்.

"இருக்கட்டும் மாமா" என்றான் பகலவன்.